இரண்டு பெயரும் ஒரே ஆள்தான்

போன ஆவணியில் ஒரு திங்கட்கிழமை காலை, திருகோணமலைப் பட்டினத்தில் ஒரு சமாதான நீதவானின் வீட்டு விறாந்தையில் அம்மாவோடு உட்கார்ந்திருந்தேன். அம்மாவின் கையில் ஒரு சத்தியக்கடதாசி. அதன் சாரம் இதுதான்: இந்தப் பெயருடைய பெண்ணும் அந்தப் பெயருடைய பெண்ணும் ஒரே ஆள்தான் என்று உறுதி கூறுகிறேன். இரண்டும் அம்மாவின் பெயர்கள். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு வரி விடாமல் வாசித்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்:

"நான் நான்தான் எண்டு நானே சத்தியம் பண்ணவேணுமே பிள்ளை?"

அம்மாவுக்கு 72 வயது. நான் பதில் சொல்வதற்குள் அந்த ஐயா குறுக்கிட்டு, "இது வழமைதான் அம்மா, யோசிக்காதேங்கோ. கிழமைக்கு நாலைஞ்சு பேர் இதுக்கெண்டு வருவினம். எல்லாரும் பொம்பிளையள்தான்" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கோ அந்தக் கடைசிச் சொல் தொண்டையில் நின்றது. அப்பா 38 வருடம் அரசாங்க உத்தியோகம் பார்த்து, ஓய்வூதியம் எடுத்து, மூன்று வருடங்களுக்கு முன் காலமானவர். தான் தான்தான் என்று அவர் ஒரு நாளும் யாரிடமும் சத்தியம் செய்ததில்லை.

காரணம் இதுதான். பாலையூற்றில் நாங்கள் இருக்கிற வீடும் வளவும் அம்மாவுடையவை. 1975இல் கலியாணத்துக்குச் சில கிழமைகளுக்கு முன் அம்மம்மா எழுதிக் கொடுத்த சீதன உறுதி, அதாவது காணிப் பத்திரம். அதில் அம்மாவின் பெயருக்கு முன்னால் அம்மாவின் அப்பாவுடைய எழுத்து, ‘க’. அம்மா அடையாள அட்டை எடுத்தது கலியாணத்துக்குப் பிறகு. அதில் ‘க’ போய், என் அப்பாவின் ‘செ’ வந்துவிட்டது. வங்கிப் புத்தகத்தில் ‘திருமதி’ என்ற சொல்லும் ‘செ’யும். விவாகச் சான்றிதழிலோ இன்னொரு சங்கடம். அம்மாவின் பெயரின் நடுவில் வரும் ‘ஸ்’ஸை எழுதியவர் ‘சு’ என்று எழுதிவிட்டார். இப்போது வீட்டைத் தங்கச்சிக்கு எழுத வேண்டும். உறுதி எழுதுகிற நொத்தாரிசு நாலு காகிதங்களையும் மேசையில் பரப்பி வைத்துவிட்டு, "இதில யார் உங்கட அம்மா?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. காணி விசயத்தில் அப்படித்தான் கேட்க வேண்டும்.

பிறப்புச் சான்றிதழின் பிரதிக்கு ஒரு அலைச்சல், விவாகச் சான்றிதழின் பிரதிக்கு ஒரு அலைச்சல், கிராம சேவகரிடம் கடிதம், வங்கியில் கடிதம், கடைசியில் இந்தச் சத்தியக்கடதாசி. இரண்டு மாதம். நான் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்தில் ஆறு நாள் லீவு போட்டேன். முழங்கால் வருத்தத்தோடு அம்மா ஒவ்வொரு படியாக ஏறி இறங்கினார். ஒரு கந்தோரில், பெயர் வேண்டாம், ஒரு இளம் பெண் அம்மாவைப் பார்த்து, "கலியாணம் முடிச்ச உடனேயே எல்லாத்திலயும் பேரை மாத்தியிருக்க வேணும் அம்மா, உங்கட கவலையீனம்தான்" என்றாள். அன்றிரவு வீட்டுக்கு வந்து அம்மா சாப்பிடவில்லை.

அவளுக்கு நான் அன்று சொல்லாமல் விட்டதை இங்கே சொல்கிறேன். கலியாணம் முடித்த பெண் தன் பெயரை மாற்ற வேண்டும் என்று இலங்கையில் எந்தச் சட்டமும் இல்லை.

இதை எத்தனை பேருக்குத் தெரியும் என்று என் பள்ளிக்கூட ஆசிரியர் அறையில் கேட்டுப் பார்த்தேன். படித்தவர்கள், பட்டதாரிகள். "எழுத்து எழுதினால் பேர் மாறும்தானே?" என்றுதான் பலரும் சொன்னார்கள். எங்களூரில் விவாகப் பதிவை ‘எழுத்து’ என்போம். அந்த மேசையில் கையெழுத்து வைத்ததுமே பெயர் தானாக மாறிவிடுகிறது என்ற எண்ணம் அவ்வளவு ஊறிப்போயிருக்கிறது. மாறாது. பொது விவாகப் பதிவு 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் கீழ் நடக்கிறது. அது இரண்டு பேர் கலியாணம் செய்ததைப் பதிகிறது, அவ்வளவுதான். பிறப்புச் சான்றிதழ் கலியாணத்தால் மாறாது. கணவனின் பெயரை அடையாள அட்டையில் போட விரும்புகிற பெண் விவாகச் சான்றிதழைக் காட்டி அதற்கென்று விண்ணப்பிக்க வேண்டும். விருப்பமில்லாவிட்டால் பேசாமல் இருக்கலாம். ஒன்றும் குறையாது.

ஆக, கணவனின் பெயரோடு வாழ்கிற ஒவ்வொரு பெண்ணின் அடியிலும் மாறாத ஒரு பிறப்புச் சான்றிதழ் இருந்துகொண்டே இருக்கிறது. பள்ளிக்கூடச் சான்றிதழ்களும் சாதாரண தரப் பெறுபேறும் அந்தப் பெயரில்தான். இரண்டு கரைக்கும் நடுவில் விவாகச் சான்றிதழ்தான் பாலம். அதில் ஒரு எழுத்து பிசகினால் அம்மாவுக்கு நடந்தது நடக்கும். எங்கள் பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் அந்தப் பாலமே இல்லை. சண்டையில் ஓடினபோது விட்டுவிட்டு ஓடியது, 2004 மார்கழி 26இல் கடல் கொண்டுபோனது, ஈரத்தில் ஒட்டிப்போனது.

அடையாள அட்டை இலக்கத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இதைத் தெரிந்துகொண்ட நாளில் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. ஆட்பதிவுச் சட்டம் 1968இல் வந்தது, அட்டைகள் 1972 முதல் கொடுக்கப்பட்டன. அந்த இலக்கத்தில் முதலில் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று இலக்கங்கள், அந்த ஆண்டில் எத்தனையாவது நாளில் பிறந்தோம் என்பது. பெண்ணென்றால் அதோடு 500ஐக் கூட்டுவார்கள். தை முதலாம் திகதி பிறந்த ஆணுக்கு 001, பெண்ணுக்கு 501. 2016இல் இலக்கம் 12 ஆக நீண்ட பிறகும் அதே கணக்குத்தான். நீ எப்போது பிறந்தாய், நீ ஒரு பெண், இந்த இரண்டும் அந்த எண்ணுக்குள் இருக்கின்றன. யாருடைய மகள், யாருடைய மனைவி என்பது அதில் இல்லை. பெயரை எத்தனை தரம் மாற்றினாலும் இலக்கம் மாறாது. அரசாங்கத்துக்கு எங்களை அடையாளம் காண எங்கள் புருசன்மாரின் பெயர் தேவைப்படவில்லை. அது எங்களுக்குள் நாங்கள் வைத்துக்கொண்ட வழக்கம்.

அந்த வழக்கம் எவ்வளவு விசித்திரமானது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. கடவுச்சீட்டு விண்ணப்பத்தில் ‘குடும்பப் பெயர்’ என்ற இடத்துக்கு வந்ததும் தமிழர்களாகிய நாங்கள் எல்லோரும் பேனையை ஒரு நிமிடம் நிறுத்துவோம். அங்கே அப்பாவின் பெயரைப் போடுவோம். அது குடும்பத்தின் பெயர் ஆகாது, ஒரு மனிதரின் சொந்தப் பெயர். எனக்கும் என் அப்பப்பாவுக்கும் பொதுவாக ஒரு எழுத்துக்கூட இல்லை. வெள்ளைக்காரர்கள், பரம்பரை முழுக்க ஒரே பெயரில் இருக்கட்டும் என்பதற்காக மனைவி மாற வேண்டும் என்று வாதிடுவார்கள். எங்களுக்கு அந்த நியாயமும் இல்லை. ஒரு தலைமுறை போனால் அந்தப் பெயரும் போய்விடும்.

எங்கள் முறையில் பெயருக்கு முன்னால் நிற்கும் எழுத்து ‘நான் இவருடைய பிள்ளை’ என்று சொல்கிறது. அதே இடத்தில் கணவனின் எழுத்தைக் கொண்டுவந்து வைத்தால்? என் வகுப்பு இடாப்பைத் திறந்தால் பிள்ளையின் பெயருக்கு முன் ‘செ’, கீழே கையெழுத்து வைத்த தாயின் பெயருக்கு முன்னும் ‘செ’. ஊர் வழக்கம் தெரியாத ஒருவர் அந்தப் பக்கத்தைப் பார்த்தால் தாயும் மகளும் ஒரே ஆளின் இரண்டு பிள்ளைகள் என்றுதான் நினைப்பார். பெண்டாட்டியைப் பிள்ளையின் இடத்தில் வைக்கிறோம். இதை நான் பல வருடம் பார்த்துக்கொண்டிருந்தும் காணவில்லை.

கிழக்கு மாகாணத்தில் இருந்துகொண்டு இதைச் செய்வதுதான் எனக்கு இன்னும் புரியாதது. அம்மம்மா மட்டக்களப்புப் பக்கத்துக்காரி. அங்கே குடி, அதாவது குலம், தாய்வழியில்தான் போகும். தாய் காலிங்கா குடியென்றால் பிள்ளைகளும் காலிங்கா குடி, தகப்பன் எந்தக் குடியானாலும். கோயில் திருவிழாவில் யாருக்கு எந்த நாள், எந்த மரியாதை என்பதும் குடியைப் பார்த்துத்தான். வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வருவார். என் அப்பாவும் அப்படித்தான் பாலையூற்று வீட்டுக்கு வந்தார், கடைசி மூச்சும் அம்மாவின் வீட்டில்தான். வீடு அவளுடையது, வளவு அவளுடையது, கிணறு அவளுடையது. வாசலில் தொங்கின பெயர்ப்பலகையில் மட்டும் அவருடைய பெயர்.

காணிச் சட்டத்திலும் இதற்கு ஒரு பக்கம் இருக்கிறது. கலியாணமான பெண் தன் சொத்தைத் தனியாளாக வைத்திருக்கலாம், விற்கலாம் என்பதை விவாகமான பெண்களின் ஆதனக் கட்டளைச் சட்டம் 1923இலேயே சொல்லிவிட்டது. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமை அப்படியில்லை. அதன் கீழ் வருகிற மனைவி தன் சொந்தக் காணியை விற்கக் கணவனின் சம்மதம் வேண்டும். இன்னொன்றும் உண்டு. தேசவழமைக்கு உட்படாத பெண், அதற்கு உட்பட்ட ஒருவரை முடித்தால், அந்தக் கலியாணம் நீடிக்கும் வரை அவளும் தேசவழமைக்குள் வந்துவிடுகிறாள் என்று 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் சொல்கிறது. எங்கள் பெரியம்மா ஒருவர் அப்படி யாழ்ப்பாணத்தில் முடித்தவர். தன் தாய் கொடுத்த துண்டுக் காணியை மகனின் படிப்புக்காக விற்கப் போனபோதுதான், தன் கையெழுத்து மட்டும் போதாது என்று அவருக்குத் தெரிந்தது. பெயரை மாற்றச் சொல்லி எந்தச் சட்டமும் இல்லை என்று மேலே எழுதினேன். பெண்ணின் சட்டத்தையே மாற்றிவிடுகிற சட்டம் இருக்கிறது. பெயர் என்பது அந்த நினைப்பின் வெளியில் தெரிகிற நுனி என்றுதான் நான் நினைக்கிறேன்.

என்னோடு படிப்பிக்கிற ஆசிரியை ஒருவர் கிண்ணியாவில் இருந்து வருகிறார். பாலம் 2009இல்தான் திறந்தது. அதற்கு முன்பு ‘பாதை’ என்கிற மிதவைப் படகில் ஏறி, கடலைக் கடந்து வேலைக்கு வந்தவர். அவருக்குக் கலியாணமாகி 20 வருடத்துக்கு மேல். பெயரோடு இருப்பது இன்னும் அவருடைய வாப்பாவின் பெயர்தான். "எங்கட ஆக்கள் மாத்திறதில்லையே டீச்சர். தகப்பன்ட பேரைச் சொல்லித்தான் கூப்பிடோணும்" என்றார். எனக்குப் பொறாமையாக இருந்தது, அதை அவரிடமே சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பேர் இரிக்கி. ஆனா என்ட காவின்ல நான் கையெழுத்து வைக்கல்ல, வாப்பாதான் வச்சார்" என்றார். காவின் என்பது அவர்களுடைய விவாகப் பதிவு. முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் 1951இல் வந்தது. மணமகள் கையெழுத்து வைத்தேயாக வேண்டும் என்று அது கேட்கவில்லை, அவளுக்காக ‘வலி’ எனப்படும் ஆண் பாதுகாவலர் கையெழுத்து வைத்தால் போதும். அதைத் திருத்தச் சொல்லி முஸ்லிம் பெண்களே பல வருடமாகக் குரல் கொடுத்து வருகிறார்கள். நான் கையெழுத்து வைத்தேன், என் பெயர் போனது. அவருடைய பெயர் நின்றது, கையெழுத்துக்கு இடமில்லை. இடைவேளை மணி அடிக்கும் வரை நாங்கள் இரண்டு பேரும் அதையே யோசித்துக்கொண்டிருந்தோம்.

ஓம், என் பெயரும் போனது. 2004இல் எனக்குக் கலியாணம். கடவுச்சீட்டு எடுக்கும்போது மாமி கேட்டார் என்பதற்காக மாற்றினேன். என் கணவர் கேட்கவில்லை, ஆனால் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அப்போது எனக்கு வேறு வழி இருப்பதாகவே தெரியாது. விஜயதசமியன்று ஏடு தொடக்கி, அரிசியில் விரல் வைத்து ‘அ’ எழுதின பிறகு நான் எழுதப் பழகின அடுத்த சொல் என் பெயர்தான், முன்னால் ‘செ’யோடு. அந்த ‘செ’யின் சுழியை அப்பா என் கையைப் பிடித்து எழுதினார். அந்த எழுத்தை 25 வயதில் ஒரு விண்ணப்பப் படிவத்தில் நானே விட்டுவிட்டு வந்தேன். அன்று அழுகை வரவில்லை. அப்பாவின் செத்தவீட்டில், அஞ்சலிப் பதாகையில் பிள்ளைகளின் பெயர்களை எழுதும்போது என் பெயருக்கு முன்னால் மட்டும் அப்பாவின் எழுத்து இல்லாததைக் கண்டபோது வந்தது.

என் மச்சாள்மார் இரண்டு பேர் கனடாவில் இருக்கிறார்கள். மூத்தவள் மொன்றியலில், இளையவள் ஸ்காபறோவில். இரண்டு பேருக்கும் கலியாணம் இங்கேதான் நடந்தது, பத்திரகாளி அம்மன் கோயிலில், ஒரு வருட இடைவெளியில். அவசரத்தில் இரண்டு பேருமே தகப்பன் பெயரிலேயே பயணப்பட்டார்கள். அங்கே போன பிறகு இரண்டு மாமியாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள், எப்போது பெயரை மாற்றப் போகிறாய்? ஸ்காபறோக்காரி மாற்றினாள், ஒன்ராறியோவில் அது லேசு. மொன்றியல்காரியால் முடியவில்லை. கியூபெக் மாகாணத்தில் 1981இல் இருந்து கணவனும் மனைவியும் அவரவர் பிறந்த பெயரிலேயே இருக்க வேண்டும் என்பது சட்டம். கலியாணத்தைக் காரணம் காட்டிப் பெயர் மாற்ற முடியாது. அவள் தொலைபேசியில் சொன்னது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது: "மச்சாள், ‘எனக்கு விருப்பமில்லை மாமி’ எண்டு நான் சொல்லியிருந்தால் வீடு இரண்டுபட்டிருக்கும். ‘சட்டம் விடாது மாமி’ எண்டு சொன்னன், மனிசி அதோட விட்டிட்டா."

கியூபெக்கைப் போலக் கட்டாயமாக்குவது சரியா என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். விரும்பி மாற்ற நினைக்கிற பெண்ணுக்கு அது தடைதான். கிரேக்க நாடும் 1983இல் இப்படி ஒரு சட்டம் கொண்டுவந்தது. தெரிவு என்பது பெண்ணின் கையில் இருக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. ஆனால் கலியாணமான முதல் மாதத்தில், புது வீட்டில், எல்லோரும் சுற்றி நிற்கும்போது கிடைக்கிற தெரிவு எவ்வளவு தெரிவு என்று மச்சாளின் பேச்சு என்னைக் கேட்க வைத்தது. பலமில்லாதவளுக்குச் சில வேளை சட்டம்தான் அண்ணன்.

மறு துருவத்தில் யப்பான் இருக்கிறது. அங்கே கணவனும் மனைவியும் ஒரே குடும்பப் பெயரை வைத்தேயாக வேண்டும். யாருடைய பெயர் என்பதை அவர்களே தீர்மானிக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. எழுத்தில் பார்த்தால் சரிசமம். நடப்பில் ஏறத்தாழ 95 வீதமான தம்பதிகளில் மாறுவது மனைவிதான். பெண்கள் வழக்குப் போட்டார்கள். 2015இலும் 2021இலும் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்றே தீர்ப்புச் சொன்னது. அங்கே சட்டம் மாறச் சொல்கிறது, மனைவி மாறுகிறாள். இங்கே சட்டம் ஒன்றும் சொல்லவில்லை, இங்கும் மனைவிதான் மாறுகிறாள். தென்னாபிரிக்காவில் மனைவியின் பெயரை எடுக்க விரும்பிய கணவன்மாரைச் சட்டம் விடவில்லை. அவர்கள் அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போய் 2025இல் வென்றார்கள். அந்தச் செய்தியை என் கணவருக்கு வாசித்துக் காட்டினேன். நீண்ட நேரம் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டு, "நான் உன்னட்டை அப்ப கேட்டிருக்கவேணும்" என்றார். 20 வருடம் பிந்தி வந்த பேச்சுத்தான். ஆனாலும் அது எனக்குப் பெரிது.

எங்கள் அரசியலமைப்பின் 12ஆவது உறுப்புரை பால் காரணமாக எவருக்கும் பாரபட்சம் காட்டக்கூடாது என்கிறது. பெண்களுக்கெதிரான சகல பாரபட்சங்களையும் ஒழிக்கும் சமவாயத்தை இலங்கை 1981இல் ஏற்றுக்கொண்டது. அதன் 16ஆவது உறுப்புரையில் குடும்பப் பெயரைத் தெரிவு செய்கிற உரிமை கணவனுக்கும் மனைவிக்கும் ஒன்றாகவே சொல்லப்பட்டிருக்கிறது. உரிமை எல்லாம் எழுத்தில் இருக்கிறது. பாலையூற்றுக்குத்தான் வந்து சேரவில்லை.

இவ்வளவும் எழுதின பிறகு எங்கள் பக்கத்து வீட்டு அக்காவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையில்லாதவள் ஆகிவிடுவேன். அவருடைய கணவர் 1990இல் கொண்டுபோகப்பட்டவர், திரும்பி வரவில்லை. அக்கா மரணச் சான்றிதழ் எடுக்கவில்லை. காணாமல் போனவர்களுக்கு மரணச் சான்றிதழுக்குப் பதிலாக வேறொரு சான்றிதழ் எடுக்கலாம் என்று 2016இல் சட்டத்தைத் திருத்தினார்கள். அதையும் அவர் எடுக்கவில்லை. அவருடைய அடையாள அட்டையில் கணவரின் எழுத்து இருக்கிறது. இந்தப் பெயர்க் கதையை நான் ஒரு நாள் ஆவேசமாகப் பேசிக்கொண்டிருந்தபோது அவர் மெதுவாகச் சொன்னார்: "தங்கச்சி, படம்கூட எரிஞ்சு போச்சு. அவர் இருந்தார் எண்டு சொல்ல என்னட்டை மிஞ்சினது அந்த எழுத்துத்தான்." நான் வாயை மூடிக்கொண்டேன். அந்த எழுத்தை அவரிடமிருந்து எடுக்க யாருக்கும் உரிமை இல்லை, எந்தச் சமத்துவத்தின் பேராலும்.

அம்மாவும் அப்படித்தான். எல்லாக் காகிதமும் சரியான பிறகு நான் கேட்டேன், "அம்மா, இப்ப வேணுமெண்டால் அடையாள அட்டையையும் பழைய பேருக்கே மாத்துவம்." அம்மா தலையாட்டிவிட்டார். "ஐம்பது வரியமாய் அந்தப் பேர்தான் பிள்ளை. இருக்கட்டும்." சரி, இருக்கட்டும். நான் கேட்பது மாற்றுவதைத் தடுக்கச் சொல்லி இல்லை. மாற்றினால் அதன் சுமை முழுவதையும் பெண் ஒருத்தி மட்டும் சுமக்கிறாள். அதை அவளுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. அந்த எழுத்து மேசையில் பதிவாளர் ஒரு நிமிடம் எடுத்து, "பிள்ளை, நீ விரும்பினால் உன் பெயரிலேயே இருக்கலாம். விரும்பினால் மாற்றலாம். மாற்றினால் எல்லாவற்றிலும் ஒன்றாக மாற்று, எழுத்துப் பிசகாமல் பார், இந்தச் சான்றிதழில் நாலு பிரதி எடுத்து வை" என்று சொன்னால் போதும். மாப்பிள்ளையின் காதிலும் அது விழட்டும். திரு. திருமதி என்று கணவனின் பெயரை மட்டும் அச்சடிக்கிற அழைப்பிதழிலும் அவளுடைய பெயர் வரட்டும். பத்திரிகையில் மரண அறிவித்தல்களைப் பார்த்திருப்பீர்கள். ‘அன்னார், காலஞ்சென்ற இன்னார் இன்னார் தம்பதியினரின் அன்பு மகளும்’ என்று. வாழும்போது திருமதி என்று கணவனின் பெயரால் அறியப்பட்ட பெண்ணுக்குத் தாயின் பெயரும் தகப்பனின் பெயரும் அந்த இடத்தில்தான் சேர்ந்து கிடைக்கின்றன. அதுவரை ஏன் காத்திருக்க வேண்டும்?

உறுதி எழுதின நாளுக்கு வருகிறேன். புரட்டாதி கடைசி. நானும் தங்கச்சியும் அம்மாவும் நொத்தாரிசிடம் போனோம். தங்கச்சிக்குக் கலியாணமாகி மூன்று வருடம். அவளுடைய அடையாள அட்டை இன்னும் அப்பாவின் எழுத்தோடுதான் இருந்தது. உறுதி எழுத முதல் மாற்றிவிடு என்று அவளுடைய மாமியார் வீட்டில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். நிரப்பின விண்ணப்பப் படிவம் ஒன்று இரண்டு கிழமையாக அவளுடைய கைப்பையில் மடித்தபடி கிடந்தது. எனக்குத் தெரியும். நான் ஒன்றும் சொல்லவில்லை, அது அவளுடைய பெயர்.

நொத்தாரிசு அம்மாவின் இரண்டு பெயரையும் ‘எனவும்’ ‘எனவும்’ போட்டு எழுதி வாசித்துக் காட்டினார். அம்மா கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு நொத்தாரிசு தங்கச்சியின் பக்கம் திரும்பி, "தங்கச்சி, உங்கட பேரை எப்படிப் போடுறது? இப்ப இருக்கிறதோ, மாத்தப் போறீங்களோ?" என்று கேட்டார்.

தங்கச்சி கைப்பையைத் திறந்தாள், மூடினாள், அம்மாவைப் பார்த்தாள்.

அம்மா கதிரையில் கொஞ்சம் முன்னுக்கு வந்து, நொத்தாரிசைப் பார்த்துச் சொன்னார்: "பிறப்புப் பத்திரத்தில என்ன கிடக்குதோ, அதைப் போடுங்கோ தம்பி. அவள் மாறினால் பிறகு அவளின்ர விருப்பம். வீடு அந்தப் பேரில இருக்கட்டும்."